விளக்கிச் சொன்னவரின் மௌனம்: தாகூரின் ஓவியங்களும் ஒரு வரலாற்றுச் சிக்கலும்

1

வயதான காலத்தில் ஒருவர் திடீரென்று ஓவியம் வரைய ஆரம்பித்தால், அதைப் பற்றிச் சொல்ல நம் கைவசம் இரண்டே இரண்டு கதைகள்தான் இருக்கின்றன. ஒன்று 'பொழுதுபோக்கு': ஓய்வு பெற்றவர் தோட்டம் போடுவதுபோல, பெரிய மனிதர் தூரிகையைத் தொட்டுப் பார்த்தார் என்பது. மற்றது 'தரிசனம்': உள்ளே அடைபட்டுக் கிடந்த ஏதோ ஒன்று அணையை உடைத்துக்கொண்டு வந்துவிட்டது என்பது. முதல் கதை ஓவியத்தை மதிப்பதில்லை. இரண்டாவது கதை அளவுக்கு மீறி மதிப்பதுபோல பாவனை செய்து, அதை வரலாற்றுக்கு வெளியே தூக்கி வைத்துவிடுகிறது. இரண்டிலும் ஒரு வசதி இருக்கிறது. படத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ரவீந்திரநாத் தாகூர் இந்த இரண்டு கதைகளிலும் மாட்டிக்கொண்டவர். தமிழ் வாசகனுக்குத் தாகூர் என்றால் தாடி, அங்கி, கீதாஞ்சலி, தேசிய கீதம். 'அட, படம் வேற போட்டாரா?' என்று இலக்கியம் நன்றாகத் தெரிந்த நண்பர் ஒருவரே கேட்டார். போட்டார். 1928 வாக்கில், அறுபத்தேழு வயதில் மும்முரமாகத் தொடங்கி, 1941ல் இறப்பதற்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். பதின்மூன்று வருடங்களில் இவ்வளவு வரைந்ததைப் பொழுதுபோக்கு என்று சொல்ல முடியாது. அணை உடைந்தது என்று சொல்லலாம். ஆனால் அந்த அணையைக் கட்டியது யார், எதை வைத்துக் கட்டினார்கள், தண்ணீர் எந்த வாய்க்கால் வழியாக ஓடியது என்று கேட்காமல் விட்டால் அது வெறும் உருவகமாக நின்றுவிடும்.

ஓவியராவதற்கு முன் ஏறக்குறைய முப்பது வருடங்கள் தாகூர் செய்துவந்த வேலைகளில் முக்கியமான ஒன்று, கலையை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வது. அவருடைய படங்களை அந்த வேலைக்கு எதிரேயும், அதே சமயம் அந்த வேலையின் விளைவாகவும் வைத்துப் படிக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

2

'கவி' என்ற ஒற்றைச் சொல் நிறைய வேலைகளை மறைத்துவிடுகிறது. 1898ல் 'பாரதி' பத்திரிகைக்கு ஆசிரியர். 1901ல் புதிய 'வங்கதரிசன'த்துக்கு ஆசிரியர். அதே ஆண்டு சாந்திநிகேதனில் பள்ளிக்கூடம். 1911லிருந்து 'தத்துவபோதினி'. 1915ல் கல்கத்தா ஜொராசங்கோ வீட்டில் 'விசித்ரா' சபை; ஓவியர்களும் எழுத்தாளர்களும் கூடிப் பேசவும் வேலை செய்யவும் ஓர் இடம். 1916ல் ஜப்பான். அங்கே யோகோயாமா தைகான், ஷிமோமுரா கான்ஸான் ஆகியோரின் பெரிய அளவு ஓவியங்களைப் பார்த்துவிட்டு, வீட்டை விட்டு வெளியே வந்து பாருங்கள் என்று அவனீந்திரநாத், ககனேந்திரநாத் தரப்புக்குக் கடிதம் எழுதுகிறார். எழுதியதோடு நிற்கவில்லை, விசித்ராவில் கற்றுக்கொடுக்க அராய் காம்போ என்ற ஜப்பானிய ஓவியரை வரவழைக்கிறார். 1919ல் கலாபவனம். அதை நடத்த நந்தலால் போஸ். 1921ல் விஸ்வபாரதி.

இந்தப் பட்டியலில் ஒரு படம்கூட அவர் வரைந்தது இல்லை. ஆனால் வங்காளத்தில் அந்தக் காலத்தில் வரையப்பட்ட முக்கியமான படங்கள் பலவற்றின் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருக்கிறார்: ஆள் பிடிப்பவராக, அறிமுகம் எழுதுபவராக, பணம் திரட்டுபவராக, வெளிநாட்டுக்காரருக்கு விளக்கிச் சொல்பவராக. இன்றைய அலுவலகங்களில் இந்த வேலைக்குத் 'தொடர்பு அலுவலர்' என்று பதவிப் பெயர் கொடுத்து மேசை போட்டு உட்கார வைத்திருப்பார்கள்.

1913ல் நோபல் பரிசு வந்ததும் இந்த வேலையின் பரப்பு மாறிப்போனது. 1916-17ல் அமெரிக்காவில் ஒரு சொற்பொழிவு நிறுவனத்தின் ஏற்பாட்டில் ஊர் ஊராகப் போய்க் கட்டணத்துக்குப் பேசினார். பள்ளிக்கூடத்துக்குப் பணம் வேண்டும். பேசிய பொருள்களில் தேசியவாத எதிர்ப்பும் உண்டு, 'கலை என்றால் என்ன' என்பதும் உண்டு. அவருடைய ஐரோப்பியப் பயணத்தைப் பற்றி நம் பாரதி 1921ல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே 'திக்விஜயம்' என்ற சொல் இருக்கிறது. திக்விஜயம் ராஜாக்கள் செய்வது. அடிமைப்பட்ட நாட்டிலிருந்து ஒருவன் போய்ப் பேசியே ஜெயித்துவிட்டு வருகிறான் என்ற பெருமிதம் பாரதிக்கு. அந்தப் பெருமிதம் நியாயமானதுதான். ஆனால் ஜெயித்தவன் அதற்குப் பிறகு அந்த வேஷத்தைக் கலைக்க முடியாது. 'கிழக்கு' எங்கே என்று கேட்டால் 'இதோ நான்' என்று எழுந்து நிற்க வேண்டிய பிரதிநிதி ஆகிவிடுகிறான்.

இந்த வேலை அவரைக் கடைசிவரை விடவில்லை. 1936ல், எழுபத்தைந்தை நெருங்கும் வயதில், விஸ்வபாரதிக்கு நிதி திரட்ட நாட்டியக் குழுவோடு வட இந்தியாவில் சுற்றிக்கொண்டிருந்தார். டெல்லியில் இதைப் பார்க்கப் பொறுக்காமல் காந்தி 60,000 ரூபாய்க்கு ஏற்பாடு செய்து கொடுத்து, போதும், வீட்டுக்குப் போங்கள் என்கிறார். கலைக்காகப் பேசுவது என்பது கௌரவமான சமாச்சாரம் மட்டுமல்ல. அது உடம்பைத் தின்கிற உழைப்பு. தாகூரின் ஓவியம் பற்றி எழுதியவர்கள் நனவிலி வரைக்கும் ஆழமாகப் போயிருக்கிறார்கள். இந்த உழைப்பை அவ்வளவாகக் கணக்கில் எடுத்ததில்லை.

3

1900ல் தாகூர் தன் நண்பர், விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். ரகசியமாகப் படம் வரையப் பழகுவதாகவும், தாய்க்கு அழகில்லாத பிள்ளைமேல் பாசம் கூடுவதுபோல, வராத கலைமேல்தான் தனக்கு ஆசை என்றும் கேலியாகச் சொல்லிவிட்டு, பென்சிலைவிட ரப்பர்தான் அதிகம் வேலை செய்கிறது என்கிறார். கேலிதான். ஆனால் கால் நூற்றாண்டு கழித்து நடந்ததைத் தெரிந்துகொண்டு படித்தால் அது வேறு மாதிரி ஒலிக்கிறது. அவர் ஓவியராக ஆனது பென்சில் வழியாக அல்ல, ரப்பர் வழியாகத்தான். இன்னும் சரியாகச் சொன்னால், ரப்பரால் அழிக்க முடியாத மையின் வழியாக.

எழுதும்போது அடித்தல் திருத்தல் எல்லோருக்கும் உண்டு. தாகூர் அடித்த சொற்களை அப்படியே விடமாட்டார். ஓர் அடித்தலையும் பக்கத்து அடித்தலையும் கோட்டால் இணைப்பார். இணைந்த கட்டை மையால் நிரப்புவார். ஒரு மூக்கு நீளும், ஒரு வால் முளைக்கும். பக்கம் முடியும்போது கவிதை ஓரமாக ஒதுங்கியிருக்க, நடுவில் பெயரில்லாத ஒரு மிருகம் உட்கார்ந்திருக்கும். 1924 நவம்பரில் பெரு நாட்டுக்குப் போகும் வழியில் உடல்நிலை கெட்டு, பியூனஸ் ஏர்ஸ் அருகே சான் இசித்ரோவில் விக்டோரியா ஒகாம்போவின் விருந்தாளியாக இரண்டு மாதம்போலத் தங்கினார். அங்கே எழுதிய 'பூரவி' கவிதைகளின் கையெழுத்துப் படியில் இந்த விளையாட்டு உச்சத்துக்குப் போகிறது. கவிதைகள் 1925ல் புத்தகமாகி ஒகாம்போவுக்கே காணிக்கை ஆயின. ஆனால் அச்சில் அந்த மிருகங்கள் கிடையாது. அச்சு, திருத்தி முடித்ததை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும்.

தெரிதாவைப் படித்தவர்களுக்கு இங்கே கை துறுதுறுக்கும். அடித்த சொல் அடித்தலுக்குக் கீழே இன்னும் தெரிகிறது, இல்லாமையே இருப்பாகிறது என்று எழுதிக்கொண்டே போகலாம். எழுதட்டும். ஆனால் இங்கே நடப்பது அதைவிடச் சாதாரணமானது என்று எனக்குப் படுகிறது. வாழ்நாள் முழுக்கச் சரியான சொல்லைத் தேடித் தேடி எடுத்துக் கொடுத்தவர், வேண்டாம் என்று தள்ளிய சொற்களின் பக்கம் முதல் தடவையாகத் திரும்பிப் பார்க்கிறார். மேடையில் பேசுபவருக்கு அடித்தல் கிடையாது. சொன்னால் சொன்னதுதான். கையெழுத்துப் படியில் மட்டும்தான் சொல்லாமல் விட்டதற்கு உடம்பு உண்டு. தாகூரின் படம் வெற்றுத்தாளில் தொடங்கவில்லை. பேச்சின் கழிவில் தொடங்கியது.

4

1928 வாக்கில் படங்கள் கையெழுத்துப் படியைவிட்டு வெளியே வந்து தனித்தாளில் நிற்கத் தொடங்குகின்றன. முகங்கள், பெரும்பாலும் நீள்வட்ட முகங்கள், முக்காடு போட்ட பெண்கள். பறவை என்றும் விலங்கு என்றும் சொல்ல முடியாத பிராணிகள். மஞ்சள் வானத்துக்கு முன்னால் கறுத்து நிற்கும் மரங்கள். வண்ண மைகள், பூச்சாறுகூட உண்டு. தூரிகை கிடைக்கவில்லையென்றால் துணி, விரல், பேனாவின் பின்பக்கம். வேகமாக, ஒரே அமர்வில். தலைப்பு கிடையாது. என்ன அர்த்தம் என்று கேட்டவர்களிடம், படங்களைப் போலவே நானும் பேசாமல் இருக்கிறேன் என்ற பொருளில்தான் பதில் சொன்னார். இந்தப் பதில் பலருக்கு ஞானியின் புன்னகை மாதிரித் தோன்றியிருக்கிறது. முப்பது வருடம் விளக்கிச் சொன்னவரின் வேலைநிறுத்தமாகவும் அதைப் பார்க்கலாம்.

1959ல் டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் இந்தியாவின் நவீன கலை பற்றி எழுதிய நூலில் தாகூருக்கான அத்தியாயத்தைக் 'கலையும் நனவிலியும்' என்ற கோணத்தில் அமைத்தார். அதிலிருந்து 'கை தானாக வரைந்தது' என்ற கதை வலுப்பட்டது. அப்புறம் 1884ல் தற்கொலை செய்துகொண்ட அண்ணி காதம்பரியை ஒவ்வொரு பெண் முகத்திலும் கண்டுபிடிக்கிற வாசிப்பு. இருக்கலாம், ஒரு சில முகங்களில் அவர் இருக்கவும் கூடும். ஆனால் எல்லா முகமும் ஒரே முகம் என்று சொல்ல ஆரம்பித்தால், தாளில் இருக்கும் வேறுபாடுகளைப் பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

நனவிலிக் கதை மறைப்பது என்ன? தாகூரின் கை பயிற்சி பெறாதது, உண்மை. கண் அப்படியல்ல. ஜப்பானில் மாதக்கணக்கில் ஓவியர்கள் நடுவே இருந்திருக்கிறார். கலை வரலாற்றாளர் ஸ்டெல்லா கிராம்ரிஷை சாந்திநிகேதனுக்கு அழைத்து, ஐரோப்பியக் கலையின் வரலாற்றை அண்மைக்கால இயக்கங்கள் வரை மாணவர்களுக்குச் சொல்ல வைத்திருக்கிறார். கிராம்ரிஷ் சம்பந்தப்பட்ட முயற்சியால் 1922 டிசம்பரில் கல்கத்தாவுக்கு பௌஹவுஸ் கலைஞர்களின் படங்களே வந்து சேர்ந்தன: பால் க்ளே, காண்டின்ஸ்கி, இட்டன், ஃபைனிங்கர். 1920களில் கலை பற்றிப் பேசும்போதெல்லாம், 'இந்தியக் கலை' என்ற முத்திரைக்காக வரையாதீர்கள் என்று இளம் ஓவியர்களை எச்சரித்துக்கொண்டிருந்தவர் அவர். ஆக, கலையைப் பற்றிப் பேசி, கலையை அழைத்து வந்து, இடம் கொடுத்து, சண்டை போட்ட அந்த வேலையிலேயே கண் பழகிவிட்டது. தரிசனம் வெற்றிடத்தில் இறங்கவில்லை. பழகிய கண்ணும் பழகாத கையும் சந்தித்த இடத்தில் உண்டானது.

கண்ணைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. 1987ல் பிக்ஃபோர்டும் போஸும் ஓர் ஆய்வுக் கட்டுரையில், தாகூருக்குச் சிவப்பைப் பிரித்தறிவதில் குறை இருந்தது என்றும் அது படங்களின் வண்ணத் தேர்வில் தெரிகிறது என்றும் வாதிட்டார்கள். பின்னால் கேதகி குஷாரி டைசன் முதலியோர் அவருடைய எழுத்தையும் படங்களையும் சேர்த்து வைத்து இதை விரிவாக ஆராய்ந்தார்கள். மாயம், மர்மம் என்று நாம் சொல்லிவந்த அந்தப் பழுப்பிலும் மங்கலிலும் உடம்பின் பங்கும் இருக்கிறது. இதனால் படம் ஒன்றும் சிறுத்துப்போய்விடாது. 'ஆன்மா' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வது கஷ்டமாகிறது, அவ்வளவுதான்.

5

பேச மறுத்த இந்தப் படங்கள் உலகத்துக்குப் போன விதம்தான் வேடிக்கை. 1930 மே மாதம் பாரிஸில் பிகால் காட்சிக்கூடத்தில் முதல் கண்காட்சி. தாகூருக்கு அந்த வாரம் வயது அறுபத்தொன்பது. பிரெஞ்சு ஓவியர்களுக்கே பாரிஸில் காட்சிக்கூடம் சட்டென்று கிடைத்துவிடாது. ஒகாம்போ தன் செல்வாக்கைப் பயன்படுத்திக் குறுகிய நாட்களில் ஏற்பாடு செய்தார். கையேட்டுக்கு முன்னுரை எழுதியவர் கவிஞர் அன்னா த நோஆய். அங்கிருந்து பர்மிங்ஹாம், லண்டன், பெர்லின், டிரெஸ்டன், மூனிக், கோபன்ஹேகன், ஜெனீவா, மாஸ்கோ. பிறகு அமெரிக்கா. பாஸ்டனில் அறிமுகம் எழுதியவர் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி. அவை நவீன காலத்தின் உண்மையான ஆதிகலை என்றும், குழந்தைத்தன்மை கொண்டவையே தவிர சிறுபிள்ளைத்தனமானவை அல்ல என்றும் சொன்னார். பாராட்டுதான். ஆனால் 'ஆதி' என்ற சொல்லின் வழியாகப் படம் மறுபடியும் வரலாற்றுக்கு வெளியே போய் நிற்கிறது, பாருங்கள்.

இந்தப் பயணத்தின் நடுவிலேயே, அதே மே மாதம், தாகூர் ஆக்ஸ்ஃபோர்டில் ஹிப்பர்ட் சொற்பொழிவுகளையும் நிகழ்த்துகிறார்; 1931ல் 'மனிதனின் மதம்' என்று புத்தகமானவை. ஆக்ஸ்ஃபோர்டில் ரிஷி பேசுகிறார். காட்சிக்கூடத்துச் சுவரில் ரிஷிக்குச் சம்பந்தமில்லாத, முறைக்கிற, வாய் பிளந்த முகங்கள் தொங்குகின்றன. இரண்டையும் தாங்கியது ஒரே பெயர், ஒரே நட்பு வட்டம், ஒரே பத்திரிகைச் செய்திகள். பேச்சிலிருந்து தப்பித்து ஓடிய படம், பேச்சு கட்டிவைத்த பாலத்தின் மேலேதான் ஓடியது. இதைப் பாசாங்கு என்று நான் சொல்லவில்லை. தப்பிக்க வேறு வழி அவருக்கு இருந்ததா என்பதுதான் கேள்வி. சொந்த ஊரான கல்கத்தாவில் பெரிய அளவில் படங்கள் காட்டப்பட்டது அதற்குப் பிறகுதான், 1931 டிசம்பரில், எழுபதாம் ஆண்டு விழாவை ஒட்டி. ஐரோப்பா 'சரி' என்ற பிறகு.

படங்களின் பிற்கால வாழ்க்கையும் இதையே சொல்கிறது. 1930ல் பெர்லின் தேசியக் கலைக்கூடத்துக்கு அளித்த ஐந்து படங்களை, 1937ல் 'சீரழிந்த கலை' ஒழிப்பு வேட்டையில் நாஜிகள் அகற்றினார்கள். 1976ல் இந்திய அரசு தாகூரின் ஓவியங்களை நாட்டைவிட்டு வெளியே போகக்கூடாத கலைச் செல்வங்கள் என்று அறிவித்தது. 2010ல் இங்கிலாந்தின் டார்ட்டிங்டன் அறக்கட்டளை தன்னிடமிருந்த பன்னிரண்டு படங்களை லண்டனில் ஏலம் விட்டபோது சுமார் பதினாறு லட்சம் பவுண்டு வந்தது. சீரழிவு, செல்வம், சரக்கு. மூன்று பெயரும் படத்துக்கு வெளியே இருந்து ஒட்டப்பட்டவை. தலைப்பு வைக்க மாட்டேன் என்று அவர் சொன்னார். தலைப்பு வைக்கிற வேலையை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

6

இதோடு முடித்துவிடலாம்தான். ஆனால் அதே குடும்பத்தில் இன்னொரு பெயர் இருக்கிறது. சுனயனி தேவி, 1875ல் பிறந்தவர், அவனீந்திரநாத்துக்கும் ககனேந்திரநாத்துக்கும் தங்கை, தாகூருக்கு மகள் முறை. பன்னிரண்டு வயதில் கல்யாணம். பள்ளியில் ஓவியம் படித்ததில்லை. அண்ணன்மார் வரைவதைப் பார்த்துப் பார்த்து, முப்பது வயதுக்குப் பிறகு, குடும்ப வேலைகளுக்கு நடுவே வரைய ஆரம்பித்தார். ராதை, கிருஷ்ணன், அரைக்கண் மூடிய பெண்கள். வங்காளத்துப் படச்சுருள்களின் கோடு, நீரில் கரைந்த வண்ணம். தன் படங்களில் பலவும் கனவில் கண்டவை என்றே அவர் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. அப்படியானால் 'தரிசன ஓவியம்' என்ற சொல்லுக்குத் தாகூரைவிட நேரடியான உரிமைக்காரர் இவர்தான். 1922 டிசம்பரில் பௌஹவுஸ் படங்களோடு காட்டப்பட்ட இந்தியப் படங்களில் இவருடையதும் உண்டு. கிராம்ரிஷ் இவரைப் பற்றி எழுதியும் இருக்கிறார். 1927ல் லண்டனில் ஒரு பெண் கலைஞர்கள் கண்காட்சியிலும் இவர் படங்கள் வைக்கப்பட்டன.

இவருடைய வேலை தாகூரைவிட இருபது வருடமாவது முந்தியது. ஆனால் படங்களைக் கூட்டிக்கொண்டு நகரம் நகரமாகப் போக அவருக்கு ஒகாம்போ இல்லை, முன்னுரை எழுதக் கவிஞர்கள் இல்லை, 'இவர் படமும் போடுகிறாரா!' என்று ஆச்சரியப்பட ஏற்கெனவே ஒரு புகழ் இல்லை. 1962ல் இறந்தார். கலை வரலாறுகளில் பெரும்பாலும் 'தாகூர் குடும்பத்துப் பெண்மணி' என்று ஒரு பத்தி கிடைக்கும். கனவு இருவருக்கும் வந்தது. ஒருவருடைய கனவுக்குப் பின்னால் முப்பது வருடப் பொது வாழ்வு நின்றது. மற்றவருடைய கனவுக்குப் பின்னால் சமையலறையும் பிள்ளைகளும் இருந்தார்கள்.

இதைத் தாகூரைக் குறைத்துச் சொல்வதற்காகச் சொல்லவில்லை. 'பிற்காலத்தில் மலர்ந்த தரிசனம்' என்ற கதையை அப்படியே ஏற்றுக்கொண்டால், தரிசனத்துக்கும் நமக்கும் நடுவில் ஆட்கள் செய்த வேலை மறைந்துபோகிறது. வேலை மறைந்தால், அந்த வேலை யாருக்குச் செய்யப்படவில்லை என்ற கேள்வியும் கூடவே மறைந்துபோகிறது. ஓவிய வரலாறு என்பது படங்களின் வரலாறு மட்டுமல்ல; யார் யாருக்காகப் பேசினார்கள் என்பதன் வரலாறும்கூட.

7

1940ல், இறப்பதற்கு ஓராண்டு முன்பு, 'சித்ரலிபி' என்ற தொகுப்பு வந்தது. பதினெட்டுப் படங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தாகூரே எழுதிய சில வரிகள். விளக்க மாட்டேன் என்றவர் கடைசியில் எழுதிவிட்டாரே என்று தோன்றும். படித்துப் பார்த்தால் அவை விளக்கங்கள் அல்ல. படத்தில் இருப்பதை அவை சொல்வதில்லை. படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தங்கள் பாட்டுக்கு எதையோ யோசித்துக்கொண்டிருக்கின்றன. முன்பு சொல்லை அடித்துத்தான் படம் வந்தது. இப்போது சொல் படத்தை அடிக்காமல், படம் சொல்லை மறைக்காமல், ஒரே பக்கத்தில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

கலையைப் பற்றிப் பேசுவதையே தொழிலாகக் கொண்ட நம்மைப் போன்றவர்கள், இந்தக் கட்டுரைக்காரனையும் சேர்த்துத்தான், அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம். அப்புறம் சுனயனி தேவியின் படம் ஒன்று எங்காவது கிடைக்குமா என்று தேடலாம். அதற்குப் பக்கத்தில் யாரும் இரண்டு வரி எழுதி வைத்திருக்க மாட்டார்கள். அதைப் பார்த்து எழுதுகிற வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.